தி க்யூரின் இருண்ட ஆல்பங்கள்: எதிலிருந்து தொடங்குவது?

2024 நவம்பர் 1 அன்று வெளியான ‘சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்’, தி க்யூர் என்ற ஆங்கிலேய ராக் குழுவைப் பெயரளவில் மட்டுமே அறிந்திருந்த பலரை அதன் பக்கம் திருப்பியிருக்கிறது. 2008இல் வந்த ‘4:13 டிரீம்’ ஆல்பத்துக்குப் பிறகு பதினாறு ஆண்டுகள் புதிய ஆல்பம் எதையும் தராமல் இருந்த குழு இது. அந்தப் பழைய ஆல்பத்தில் நிறைந்திருந்த துள்ளலான சிறு பாடல்களை முற்றிலும் விட்டுவிட்டு, முதுமை, மரணம், உறவுகளின் இழப்பு ஆகியவற்றையே பெரும்பாலும் பேசும் எட்டுப் பாடல்களோடு அவர்கள் திரும்பி வந்தார்கள். 1992இல் வந்த ‘விஷ்’ ஆல்பத்துக்குப் பிறகு பிரிட்டனின் ஆல்பம் பட்டியலில் அவர்களுக்கு முதலிடம் கிடைத்தது இந்த ஆல்பத்தால்தான்.

இதைக் கேட்டுவிட்டு, அல்லது கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டு, வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இந்தக் குழுவின் இருண்ட பக்கத்துக்குள் நுழைய விரும்புகிறவர் புதிய ஆல்பத்திலிருந்து தொடங்கலாமா, அல்லது எல்லோரும் புகழும் 1989இன் ‘டிஸின்டிகிரேஷன்’ ஆல்பத்தை முதலில் கேட்க வேண்டுமா, அல்லது எல்லாவற்றுக்கும் மூலம் என்று சொல்லப்படும் 1982இன் ‘போர்னோகிராஃபி’ ஆல்பத்துக்கே போய்விடலாமா? மூன்றையும் இருண்ட ஆல்பங்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. மூன்றின் இருளும் வேறு வேறு. பாடகரும் குழுவின் தலைவருமான ராபர்ட் ஸ்மித் ‘போர்னோகிராஃபி’யை உருவாக்கியபோது அவருக்கு இருபத்து மூன்றுகூட நிரம்பவில்லை. ‘டிஸின்டிகிரேஷன்’ வெளிவந்தபோது அவருக்கு முப்பது வயது. புதிய ஆல்பம் வெளிவந்தபோது அறுபத்தைந்து. ஒருவர் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது, இந்த மூன்று வயதுகளின் துயரத்தில் எது இன்று அவருக்கு நெருக்கமாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பதே என் கருத்து.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது இருளின் தன்மை: கோபமா, ஏக்கமா, துக்கமா என்பது. அடுத்தது பொறுமை. இந்தக் குழுவின் நீண்ட பாடல்களில் குரல் எழுவதற்கு முன்பு சில நிமிடங்கள் கருவியிசை மட்டுமே ஓடும். அதற்குக் காத்திருக்க முடியாதவருக்கு ஆல்பம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் பயனில்லை. மூன்றாவதாக, ஆங்கிலப் பாடல்வரிகள் காதில் எவ்வளவு தெளிவாக விழுகின்றன என்பது; பாடலைக் கேட்கும்போதே பொருளைப் பின்தொடர விரும்புகிறவர்களுக்கு இது முக்கியம். நான்காவதாக, மறைந்திருக்கும் செலவுகள்: எந்தக் கருவியில் கேட்டால் எது காணாமல் போகிறது, எந்தப் பதிப்பில் எந்தப் பாடல் இல்லை, கேட்டு முடித்த பிறகு மனத்தில் எவ்வளவு பாரம் தங்குகிறது.

விற்பனைப் பட்டியல்களையும் விமர்சகர்களின் மதிப்பெண்களையும் நான் அளவுகோலாகக் கொள்ளவில்லை. மூன்றுமே உயர்ந்த படைப்புகள். எது உயர்ந்தது என்ற கேள்விக்கும் எதை முதலில் கேட்பது என்ற கேள்விக்கும் விடைகள் வேறாக இருக்கலாம்.

## போர்னோகிராஃபி (1982)

ஸ்மித், பேஸ் கிட்டார் வாசிக்கும் சைமன் கேலப், டிரம்ஸ் வாசித்த லால் டோல்ஹர்ஸ்ட் ஆகிய மூவர் மட்டுமே லண்டனில் உள்ள ஆர்ஏகே (RAK) ஸ்டுடியோவில் பதிவு செய்த ஆல்பம் இது. எட்டுப் பாடல்கள், ஏறத்தாழ 43 நிமிடங்கள். இதற்கு முந்தைய ‘செவன்டீன் செகண்ட்ஸ்’, ‘ஃபெய்த்’ ஆகிய இரண்டு ஆல்பங்களிலும் இருந்த மங்கலான சாம்பல் நிறச் சோகம் இதில் முற்றிலும் கருத்து, வெறியாக மாறியிருக்கிறது. நாம் எல்லோரும் செத்துப்போனாலும் ஒன்றும் ஆகிவிடாது என்ற பொருளில் முதல் பாடல் வாய் திறக்கிறது. டிரம்ஸ் ஒலி கனத்துத் திரும்பத் திரும்ப ஒரே தாளத்தில் இறங்குகிறது. ‘தி ஹேங்கிங் கார்டன்’ பாடலில் அது பெரும் முரசுகளை அடிப்பதுபோல் முன்னால் நிற்க, கிட்டாரும் குரலும் பின்னால் எங்கோ சுழல்கின்றன. ஆல்பத்தின் பெயரையே தலைப்பாகக் கொண்ட கடைசிப் பாடலில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட மனிதக் குரல்கள் புரியாத முணுமுணுப்பாக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் ஸ்மித்தின் குரல் மேலெழுகிறது. அந்தப் பாடலின் முடிவில் நோயை எதிர்த்துப் போராடியாக வேண்டும் என்ற ஒரு உறுதி தென்படுகிறது. ஆல்பம் முழுவதிலும் வெளிச்சத்துக்கான ஒரே கீற்று அதுதான்.

இது இளமையின் இருள். தன்னையும் பிறரையும் ஒருசேர வெறுக்கும் இருபத்திரண்டு வயது மனத்தின் ஓலம். அப்போது தான் மிக மோசமான மனநிலையில் இருந்ததாக ஸ்மித் பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஆல்பத்தைத் தொடர்ந்த சுற்றுப்பயணத்தில் அவருக்கும் கேலப்புக்கும் கைகலப்பு ஏற்பட்டு, கேலப் குழுவை விட்டு விலகி, சில ஆண்டுகள் கழித்தே திரும்பி வந்தார். பாடல்களில் கேட்கும் உடைவு மேடைக்கும் வந்தது என்பதை அறிந்து கேட்கும்போது ஆல்பத்தின் கனம் கூடுகிறது.

இதன் மறைமுகச் செலவு மனச்சோர்வு. எட்டுப் பாடல்களுக்கும் நடுவே மூச்சு விடும் இடம் இல்லை. ஏற்கெனவே மனம் தளர்ந்திருக்கும் நாளில், தனியாக, இரவில், ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு இதைத் தொடங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். அப்படிப்பட்ட நாளில் பேசுவதற்கு ஒரு மனிதர்தான் தேவை. பாடல்வரிகளும் படிமங்களை உடைத்து அடுக்கியவை என்பதால், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்கும் பொருள் எளிதில் பிடிபடாது. நடைமுறையில் இன்னொன்று: ஆல்பத்தின் தலைப்பை மட்டும் இணையத்தில் தேடினால் வேண்டாதவை எல்லாம் வந்து நிற்கும், குழுவின் பெயரைச் சேர்த்தே தேட வேண்டும்.

ஜாய் டிவிஷன், பௌஹவுஸ் போன்ற குழுக்களையோ கனமான மெட்டல் இசையையோ ஏற்கெனவே கேட்டுப் பழகியவருக்கு, மூன்றில் இதுவே சரியான தொடக்கமாக இருக்கலாம். மற்றவர்களுக்கு இது கடைசியாகச் சேர வேண்டிய இடம். சேராமலே போனாலும் குற்றமில்லை.

## டிஸின்டிகிரேஷன் (1989)

இடைப்பட்ட ஆண்டுகளில் ஸ்மித் தன் குழுவை எதிர்த்திசைக்குக் கொண்டுபோயிருந்தார். ‘தி லவ்கேட்ஸ்’ போன்ற விளையாட்டான பாடல்களும், 1987இன் ‘கிஸ் மீ, கிஸ் மீ, கிஸ் மீ’ என்ற இரட்டை ஆல்பமும் அவர்களை அமெரிக்காவிலும் புகழ்பெற வைத்தன. அந்தப் புகழே அவருக்கு நெருடலாக இருந்தது. முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பெரிய படைப்பு எதையும் செய்யாமலே இளமை கழிந்துவிடுமோ என்ற பயமும் சேர்ந்தது. எல்லோரும் இன்னொரு துள்ளல் ஆல்பத்தை எதிர்பார்த்திருந்த நேரத்தில், 72 நிமிடங்கள் நீளும், நிதானமாக நகரும் பன்னிரண்டு பாடல்களை அவர் கொண்டுவந்து வைத்தார். அமெரிக்காவில் அதை வெளியிட்ட நிறுவனம் இது வியாபாரத்தைக் கெடுத்துவிடும் என்று அஞ்சியதாக ஸ்மித் சொல்லியிருக்கிறார். நடந்தது வேறு. பிரிட்டனில் ஆல்பம் மூன்றாம் இடத்துக்கும், அதிலுள்ள ‘லவ்சாங்’ அமெரிக்கத் தனிப்பாடல் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கும் உயர்ந்தன.

இதன் இருளை விளக்க முதல் பாடலான ‘பிளெயின்சாங்’ ஒன்றே போதும். தொடக்கத்தில் காற்றில் அசையும் மணிகளின் மெல்லிய கிணுகிணுப்பு மட்டும் கேட்கும். சரியாகக் கேட்கவில்லையே என்று நீங்கள் ஒலியைக் கூட்டுவீர்கள். அடுத்த சில நொடிகளில் கீபோர்டுகளின் பேரொலி ஒரு சுவர்போல் எழுந்து அறையை நிரப்பும். அந்த ஒலி மேலும் மேலும் விரிந்து, இரண்டரை நிமிடங்கள் கழிந்த பிறகுதான் ஸ்மித்தின் குரல் வருகிறது. அதுவும் மழை வரப்போகிறது என்பதுபோன்ற எளிய பேச்சாக, எதிரொலிக்குள் பாதி மறைந்தபடி. ஒரு ராகத்தின் ஆலாபனையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கீர்த்தனைக்குக் காத்திருக்கப் பழகிய காதுகளுக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. ‘பிக்சர்ஸ் ஆஃப் யூ’ பாடலிலும் இதே கதைதான்: ஏழு நிமிடங்களுக்கு மேல் ஓடும் அதில், கிட்டாரும் ஆறு தந்தி பேஸும் ஒரே மெட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, கேட்பவரின் மனத்தில் ஒரு முகம் உருவாவதற்கு அவகாசம் கொடுத்த பிறகே சொற்கள் தொடங்குகின்றன.

இங்கே கோபம் மிகக் குறைவு. தலைப்புப் பாடலில் அது ஒருமுறை பொங்குகிறது. மற்ற இடங்களிலெல்லாம் ஏக்கமே ஆள்கிறது. மனைவி மேரிக்குத் திருமணப் பரிசாக ஸ்மித் எழுதிய ‘லவ்சாங்’, மூன்றரை நிமிடங்களில் முடியும் நேரடியான காதல் பாட்டு. இருண்ட ஆல்பத்தின் நடுவே அது இருப்பதால்தான் அதைச் சுற்றியுள்ள பாடல்களின் இருள் தாங்கிக்கொள்ளக் கூடியதாகிறது. அச்சுறுத்தும் கிசுகிசுப்பில் பாடப்பட்ட ‘லல்லபை’, பேஸ் முன்னின்று ஓட்டும் ‘ஃபேசினேஷன் ஸ்ட்ரீட்’ என்று வேகமும் நிறமும் மாறுகின்றன. மழையும் இடியும் பின்னணியில் ஒலிக்க ஒன்பது நிமிடங்களுக்கு மேல் மெல்ல மூழ்கும் ‘தி சேம் டீப் வாட்டர் அஸ் யூ’ வரும்போது, கேட்பவர் அதற்கு ஆயத்தமாகியிருப்பார். இந்த வரிசையமைப்பை நான் இந்த ஆல்பத்தின் மிகப் பெரிய சாதனையாகக் கருதுகிறேன். பாடல்களை மாற்றிப் போட்டுக் கேட்கும் வசதியை அணைத்துவிட்டு, முதலிலிருந்து கடைசிவரை கேட்டால் மட்டுமே அது தெரியும்.

செலவுகளும் உண்டு. 72 நிமிடங்கள் என்பது அன்றாட வாழ்க்கையில் எளிதில் கிடைக்கும் நேரம் இல்லை. பேருந்திலும் சமையலறையிலும் துண்டு துண்டாகக் கேட்டால் இரண்டாம் பாதி முழுவதும் ஒரே பாடல்போலத் தோன்றி அலுத்துவிடும். கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரில் இதைக் கேட்பது அறவே வீண். பாடல்களைத் தாங்கி நிற்கும் பேஸ் வரிகள் அதில் காணாமலே போய்விடுகின்றன. சத்தமாக ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே கலவை செய்யப்பட்ட இசை இது, ஒலியைக் கூட்டுங்கள் என்று ஆல்பத்தின் உறையிலேயே ஒரு குறிப்பு அச்சிட்டிருக்கிறார்கள். அதை அலங்காரத்துக்காகச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

## சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட் (2024)

புதிய ஆல்பம் 49 நிமிடங்கள்தான். வேல்ஸில் உள்ள ராக்ஃபீல்டு ஸ்டுடியோவில், ஸ்மித்தும் பால் கார்க்கெட்டும் இணைந்து தயாரித்தது. 1985இன் ‘தி ஹெட் ஆன் தி டோர்’ ஆல்பத்துக்குப் பிறகு, எல்லாப் பாடல்களையும் ஸ்மித் ஒருவரே எழுதியிருப்பது இதில்தான்; அதனால் ஒரே மனிதரின் நாட்குறிப்பைப் படிக்கும் நெருக்கம் இதில் இருக்கிறது. இங்கு நிகழ்ந்திருக்கும் திருப்பம், ஒலியைவிடப் பேசுபொருளில்தான் ஆழமானது. பெற்றோரையும் அண்ணனையும் இழந்த பிறகு எழுதப்பட்ட பாடல்கள் இவை. 1982இல் மரணம் ஒரு வெறித்த கற்பனையாக இருந்தது. 1989இல் அது ஒரு தூரத்து அச்சம். இங்கே அது வீட்டுக்குள் வந்து போன ஒன்று.

முதல் பாடலான ‘அலோன்’, 1900இல் முப்பத்திரண்டு வயதில் இறந்த ஆங்கிலக் கவிஞர் எர்னஸ்ட் டௌசன் எழுதிய ஒரு கவிதையிலிருந்து தன் முதல் வரிக்கான கருவை எடுத்துக்கொள்கிறது. டிரம்ஸும் கீபோர்டும் பேஸும் கனமாக, மிக மெதுவாக மூன்று நிமிடங்களுக்கு மேல் நடந்த பிறகே குரல் வருகிறது. ‘அண்ட் நத்திங் இஸ் ஃபாரெவர்’, சாகக் கிடந்த ஒருவரிடம் கடைசியில் உடனிருப்பேன் என்று கொடுத்து, காப்பாற்ற முடியாமல் போன வாக்கைப் பற்றியது. ‘ஐ கேன் நெவர் ஸே குட்பை’ அண்ணன் ரிச்சர்டின் மரணத்தைப் பாடுகிறது: தொலைவில் இடி, பிறகு பியானோவில் சில சுரங்கள் மட்டும் திரும்பத் திரும்ப, அதன்மேல் ஒவ்வொன்றாக மற்றக் கருவிகள். பாடலின் சொற்கள் மிகச் சாதாரணமானவை. இறந்தவரைப் பற்றி வீடுகளில் எப்படிப் பேசுவார்களோ அப்படித்தான் பேசுகிறார். நெருங்கிய ஒருவரை அண்மையில் இழந்தவர்களை இந்தப் பாடல் எப்படிப் பற்றிக்கொள்ளும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைப்பது என் கடமை.

வியப்புக்குரியது ஸ்மித்தின் குரல். அறுபதைக் கடந்த பிறகும் அது ஏறத்தாழப் பழைய நிலையிலேயே இருக்கிறது. 1982இல் எதிரொலிக்குள் மறைந்திருந்த அந்தக் குரல் இங்கே முன்னால் நிற்கிறது. சொற்கள் குறைவு, உச்சரிப்பு தெளிவு. ஆங்கில வரிகளைக் காதால் பின்தொடர விரும்புகிறவருக்கு மூன்று ஆல்பங்களில் இதுவே எளிது. பேசுபொருளில் மிகவும் இருண்ட இந்த ஆல்பம் நுழைவதற்கு மிக எளிதாக இருப்பதன் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன்.

குறைகளும் இருக்கின்றன. ஒலிக்கலவை மிக அடர்த்தியானது. ‘வார்சாங்’, ‘டிரோன்:நோடிரோன்’ ஆகிய இரண்டிலும் ரீவ்ஸ் கேப்ரல்ஸின் கிட்டார் உறுமலும் மற்றக் கருவிகளும் ஒன்றை ஒன்று நெருக்குகின்றன. நல்ல ஹெட்ஃபோனில்கூட அதிகச் சத்தத்தில் தொடர்ந்து கேட்டால் காது களைத்துவிடுகிறது. 1989 ஆல்பத்துக்குச் சொன்னதற்கு மாறாக, இதை மிதமான ஒலியில் கேட்பதே நல்லது. வேகத்திலும் மாற்றம் குறைவு. ‘எ ஃப்ரஜைல் திங்’ தவிர, உடனே முணுமுணுக்கத் தோன்றும் மெட்டு இதில் இல்லை. கடைசிப் பாடலான ‘எண்ட்சாங்’ பத்து நிமிடங்களுக்கு மேல் ஓடுகிறது, அதில் ஆறு நிமிடங்கள் கழிந்த பிறகே பாட்டு தொடங்குகிறது. நிலவைப் பார்த்தபடி, தான் சிறுவனாக இருந்தபோது கண்ட கனவுகள் எங்கே போயின என்று கேட்கும் அந்தப் பாடல் எந்த ஆறுதலையும் தராமல் முடிகிறது. ‘லவ்சாங்’ போன்ற ஒரு சாளரம் இந்த ஆல்பத்தில் எங்குமே திறக்கப்படவில்லை.

## ஒரே பார்வையில்

| | போர்னோகிராஃபி | டிஸின்டிகிரேஷன் | சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட் |
|---|---|---|---|
| ஆண்டு | 1982 | 1989 | 2024 |
| அளவு | 8 பாடல்கள், சுமார் 43 நிமிடம் | 12 பாடல்கள், சுமார் 72 நிமிடம் | 8 பாடல்கள், சுமார் 49 நிமிடம் |
| இருளின் தன்மை | வெறி, வெறுப்பு | ஏக்கம், வயது குறித்த அச்சம் | துக்கம், முதுமை |
| வரிகளின் தெளிவு | குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| இளைப்பாறும் இடம் | இல்லை | பல | மிகக் குறைவு |
| சோதித்துப் பார்க்க ஒரு பாடல் | தி ஹேங்கிங் கார்டன் | பிக்சர்ஸ் ஆஃப் யூ | எ ஃப்ரஜைல் திங் |
| கேட்கும் முறை | மனம் தெளிவாக உள்ள நாளில் | நல்ல ஸ்பீக்கரில், சத்தமாக | மிதமான ஒலியில், தனிமையில் |

நான்காவதாக ‘பிளட்ஃபிளவர்ஸ்’ (2000) ஆல்பத்தையும் சேர்க்க வேண்டும் என்று சிலர் வாதிடலாம். ஸ்மித்தே அதை முதல் இரண்டுடனும் சேர்த்து ஒரு முத்தொகுப்பாகக் கருதி, 2002 நவம்பரில் பெர்லினில் மூன்றையும் ஒரே மேடையில் முழுமையாக நிகழ்த்தினார். அந்த நிகழ்ச்சி ‘டிரிலஜி’ என்ற பெயரில் காணொளியாகவும் வந்தது. என் மதிப்பீட்டில் ‘பிளட்ஃபிளவர்ஸ்’ தொடங்குவதற்கான ஆல்பம் இல்லை. மற்றவற்றைக் கேட்டவருக்கு அதில் பொருள் கிடைக்கும்.

## யாருக்கு எது

ஒரே ஓர் ஆல்பத்தை மட்டும் வாங்கிப் பல ஆண்டுகள் வைத்துக் கேட்கப்போகிறவருக்கு என் பரிந்துரை ‘டிஸின்டிகிரேஷன்’. வயது எதுவாக இருந்தாலும், மனநிலை எதுவாக இருந்தாலும், அதில் அன்றைக்கு ஏற்ற ஒரு பாடலாவது இருக்கும்.

புதிய ஆல்பத்தின் பேச்சைக் கேட்டு வந்தவர் அதிலிருந்தே தொடங்கட்டும். பழையவற்றைக் கேட்காமல் அதைப் புரிந்துகொள்ள முடியாது என்ற ரசிகர்களின் எச்சரிக்கையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. குறிப்பாக நாற்பதைக் கடந்தவர்களுக்கு, பெற்றோரின் முதுமையைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு, இதுவே மற்ற இரண்டையும்விட நேராகப் பேசும். ஆனால் இழப்பு நிகழ்ந்து சில வாரங்களே ஆகியிருந்தால், இதைத் தள்ளிவைத்துவிட்டு 1989 ஆல்பத்துக்குப் போவது நல்லது. பதின்பருவத்தினர் கேட்டால், ‘லல்லபை’, ‘ஃபேசினேஷன் ஸ்ட்ரீட்’ ஆகிய இரண்டையும் முதலில் தனியாகக் கொடுத்துப் பார்க்கலாம். அவை பிடித்தால் முழு ஆல்பத்துக்கும் தாமாகவே வருவார்கள்.

## வாங்குவதற்கு முன்

மூன்றும் ஸ்ட்ரீமிங் சேவைகளில் கிடைக்கின்றன என்பதால், முழுமையாகக் கேட்டுப் பார்க்காமல் எதற்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இசைத்தட்டு வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘டிஸின்டிகிரேஷன்’ 1989இல் ஒற்றை இசைத்தட்டாக வந்தபோது, இடம் போதாமல் ‘லாஸ்ட் டான்ஸ்’, ‘ஹோம்சிக்’ ஆகிய இரு பாடல்களும் விடப்பட்டன. குறுந்தகட்டில் பன்னிரண்டும் இருந்தன. 2010 மறுபதிப்பின் இரட்டை இசைத்தட்டில் அவை சேர்க்கப்பட்டுவிட்டன. பழைய தட்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், பத்துப் பாடல்களுக்குத்தான் பணம் கொடுக்கிறீர்கள். விடுபட்ட இரண்டில் ‘ஹோம்சிக்’ ஆல்பத்தின் கடைசிப் பகுதியைத் தாங்கி நிற்கும் பாடல் என்பதால் இழப்பு சிறியதும் இல்லை. விற்பவரிடம் உறைக்குள் எத்தனை தட்டுகள் இருக்கின்றன, பின்னட்டையில் எத்தனை பாடல்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன என்ற இரண்டையும் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். இசைத்தட்டுக் கருவி இல்லாதவர்கள் குறுந்தகட்டை வாங்குவதே சிக்கனம். அதில் தட்டைப் புரட்டிப் போட எழ வேண்டிய தேவையும் இல்லாததால், ‘பிளெயின்சாங்’ தொடங்கிக் கடைசிப் பாடல்வரை அந்த வரிசை அறுபடாமல் ஓடும்.